வேலை உண்டு, நாள் இல்லை

முழுநேரம் உழைக்க ஆயத்தமாக இருப்பவருக்குச் சில மணித்தியால வேலையே கிடைப்பது குறைவேலை எனப்படுகிறது. இலங்கையின் தொழிற்படை அளவீட்டில், கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணித்தியாலம் உழைத்தவரும் வேலையுள்ளவரே. 40 மணித்தியாலத்துக்குக் குறைவாக உழைத்து, மேலும் உழைக்க விரும்புவோர் தனியே எண்ணப்பட்டாலும், பேச்சில் அடிபடுவது வேலையின்மை வீதம்தான். 2022இல் நாட்டின் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. வேலையின்மை வீதமோ முந்தைய ஆண்டின் 5.1 சதவீதத்திலிருந்து 4.7ஆக இறங்கியது.

யாழ்ப்பாணத்தை அண்டிய தீவகத்தில் பொருளாதார மந்தம் எப்படி வரும் என்பதற்கு மண்ணெண்ணெய் விலையே சாட்சி. 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. ஒருமுறை கடலுக்குப் போய்வர 20 லீற்றர் எரிக்கும் படகுக்கு 1,740 ரூபாச் செலவு ஒரே நாளில் 6,800 ரூபாவாயிற்று. எண்ணெய்க் காசுக்காவது மீன் படுமா என்று பார்த்தே படகு இறக்கவேண்டிய நிலை வந்தது. ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ இப்படித் தொழிலுக்குப் போகும் நாளைக் குறைத்தவர் தொழிலை விட்டவரல்லர். ஆகவே வேலையற்றோர் கணக்கில் வரமாட்டார். படகு போகாத நாளில் மீனில் பங்குக்குப் போகிறவருக்கும், கரையிலிருந்து வலையில் நண்டு கழற்றும் பெண்ணுக்கும் வருமானமில்லை. மாதச் சம்பளக்காரரைப்போல அந்த நாளை ஈடுசெய்ய அவர்களுக்கு எதுவுமில்லை.

நயினாதீவில் இதே சுருக்கம் யாத்திரிகர் வழியாக வருகிறது. நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் வருவோர் குறைந்தால், குறிகட்டுவான் படகுச் சேவையும் கடைகளும் மூடப்படுவதில்லை. ஆனால் கூலியாளுக்குக் கிடைக்கும் நாட்கள் குறைந்துவிடும்.

வாடைக்காலக் கடல் ஆண்டுதோறும் இப்படி வேலை நாட்களைக் குறைக்கும். அது பருவத்தின் குறைவு, பொருளாதாரச் சுழற்சியின் குறைவன்று. இரண்டையும் பிரித்தறிய, ஒரு மாதத்தை முந்தைய ஆண்டுகளின் அதே மாதத்தோடு ஒப்பிடவேண்டும்.

சுழற்சியின் குறைவை அமெரிக்கக் கணக்கில் காணலாம்: அங்கே விரும்பாமல் பகுதிநேரம் உழைப்போரின் தொகை மாதந்தோறும் வெளியாகிறது. 2008 நெருக்கடிக்கு முன் 40 இலட்சத்தை ஒட்டியிருந்த அது, பின்னர் 90 இலட்சத்தைத் தாண்டியது. வேலை மந்தத்தால் நேரம் வெட்டப்பட்டவர்கள் மீட்சி தொடங்கியதும் விரைவில் முழுநேரத்துக்குத் திரும்புகிறார்கள். பகுதிநேர வேலை மட்டுமே அகப்பட்டவர்களின் தொகை மெதுவாகவே குறைகிறது.

முதலாளிமாரும் புதிய ஆளை எடுக்குமுன் இருக்கும் ஆளின் நேரத்தையே கூட்டுவர். அதனால் சுழற்சியின் திருப்பம் வேலையின்மை வீதத்துக்கு முன்பே வேலை நேரத்தில் தெரியும். இலங்கையிலோ அளவீடு மாவட்ட மட்டத்தில் வெளியாகையில், யாழ்ப்பாணத்தின் சராசரிக்குள் தீவகத்தின் குறைந்த நாட்கள் கரைந்துபோகின்றன.