படப்புள்ளியும் எழுத்துப்புள்ளியும்: கையடக்க டிஜிட்டல் கேமராவின் கூறுகள்

ஒரு பொருளை வாங்குமுன் அதன் தன்மையை ஆராய்ந்தறிதல் அறிவுடையார் வழக்கம். சட்டைப்பையில் அடங்கும் டிஜிட்டல் கேமராவை வாங்கச் செல்வோர்க்கோ அவ்வாராய்ச்சி எளிதாக அமைவதில்லை. பெட்டியின் மீது எண்கள் நிறைந்திருக்கின்றன. அவற்றுள் பெரிய எண்ணே உயர்ந்த கருவிக்கு அடையாளம் என்னும் கருத்தும் பரவியிருக்கிறது. அவ்வெண்கள் எதை அளக்கின்றன, எதை அளக்கவில்லை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விளக்கத்திற்கு ஓர் உரைகல் வேண்டும். நம் முன்னோர் விட்டுச்சென்ற அரபுத்தமிழ் ஏடுகளையும் பழைய அச்சு நூல்களையும் படமெடுத்துக் காக்கும் பணியையே நாம் உரைகல்லாகக் கொள்வோம். அரபு எழுத்துகளில் பா, தா, ஸா ஆகிய மூன்றும் வடிவால் ஒன்றே. கீழே ஒரு புள்ளி இருப்பின் பா. மேலே இரண்டு இருப்பின் தா. மேலே மூன்று இருப்பின் ஸா. தமிழுக்கே உரிய ஒலிகளை அவ்வெழுத்தில் எழுதுவதற்காக நம் முன்னோர் மேலும் சில அடையாளங்களைச் சேர்த்துக்கொண்டனர். தமிழெழுத்திலும் நிலைமை வேறன்று. புள்ளி மறைந்தால் ‘பல்’ என்பது ‘பல’ என்றாகிவிடும். எனவே, புள்ளியைப் பிழையின்றிப் பதிவுசெய்யும் கருவி எது என்பதே நம் வினா.

இருட்டறையிலிருந்து சட்டைப்பைக்கு

கேமராவின் அடிப்படை ஓர் இருண்ட அறையும் ஒரு சிறு துளையுமே. 965ஆம் ஆண்டளவில் பஸ்ராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த அறிஞர் இப்னுல் ஹைதம், கண்ணிலிருந்து ஒளி புறப்படுவதால் நாம் காண்பதில்லை, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காண்கிறோம் என்பதைத் தம் ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் நூலில் நிறுவினார். துளைக்கு வெளியே பல விளக்குகளை வைத்து, இருட்டறையின் சுவரில் அவற்றின் ஒளி தனித்தனியே விழுவதையும், ஒன்றை மறைத்தால் அதன் ஒளி மட்டும் மறைவதையும் காட்டினார். அந்நூலின் இலத்தீன் மொழிபெயர்ப்பு 1572ஆம் ஆண்டில் பாசல் நகரில் அச்சேறியது.

‘கேமரா’ என்பதே அரபுச் சொல்லின் வழிவந்தது என்று மேடைகளில் கூறப்படுவதுண்டு. அஃது அறை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லாகும். இப்னுல் ஹைதமின் பெருமைக்கு அவர்தம் ஆய்வே போதுமானது. சொல்லாராய்ச்சியின் துணை அதற்குத் தேவையில்லை.

ஒளியை மின்னூட்டமாக மாற்றிச் சேகரிக்கும் சி.சி.டி. என்னும் நுண்கருவியை 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லர்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகியோர் உருவாக்கினர். 2009இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1975இல் கோடாக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாசன் அத்தகைய நுண்கருவியைக் கொண்டு முதல் டிஜிட்டல் கேமராவை அமைத்தார். அதன் எடை ஏறத்தாழ 3.6 கிலோ. அது தந்த படத்தில் 10,000 புள்ளிகளே இருந்தன. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 நொடிகள் ஆயின.

இனி, நாம் நன்கறிந்த ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். 2012இல் வெளிவந்த சோனி ஆர்.எக்ஸ்.100 கேமராவின் எடை மின்கலத்தோடு 240 கிராம். அதன் படப்புள்ளிகள் ஏறத்தாழ 2 கோடி. இவ்விரு எண்களைக் கண்டே நாம் வியந்து நின்றுவிடுதல் கூடாது.

படப்புள்ளிகள்: எத்தனை வேண்டும்?

‘மெகாபிக்சல்’ என்பது பத்து இலட்சம் படப்புள்ளிகளைக் குறிக்கும். இக்கேமராவின் படம் குறுக்கே 5,472, நெடுக்கே 3,648 புள்ளிகளைக் கொண்டது. எட்டரை அங்குல உயரமும் ஐந்தரை அங்குல அகலமும் உள்ள ஒரு நூற்பக்கத்தை அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் பதிவுசெய்ய 42 இலட்சம் புள்ளிகள் போதும். 400 வீதம் பதிவுசெய்தாலும் 75 இலட்சமே தேவை. ஆகவே, 2 கோடிப் புள்ளிகள் இப்பணிக்கு வேண்டியதினும் மிகுதியானவை. அதற்கு மேலும் கூடிய எண்ணுக்காகப் பொருள் செலவிடுதல் பயனற்றது.

மேலும், ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரு நிறத்தையே அளக்கிறது. ஏனைய இரண்டையும் அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கருவி கணித்துக்கொள்கிறது. ஆதலால் புள்ளிகளின் எண்ணிக்கையும் படத்தின் நுட்பமும் ஒன்றல்ல.

ஒளியுணரியின் பரப்பு

முற்றத்தில் மழைநீர் பிடிக்கும்போது வாய் அகன்ற பாத்திரத்தில் மிகுதியான நீர் சேர்கிறது. ஒளியுணரியும் அத்தகையதே. ஆர்.எக்ஸ்.100இன் உணரி 13.2க்கு 8.8 மில்லிமீட்டர் அளவுடையது. சிறு கேமராக்கள் பலவற்றில் உள்ள உணரியின் அளவோ 6.17க்கு 4.55 மில்லிமீட்டர். பரப்பைக் கணக்கிட்டால் முன்னது பின்னதைப் போல் நான்கு மடங்கு என்பது புலனாகும். இரண்டிலும் 2 கோடிப் புள்ளிகள் இருக்கலாம்; ஆனால் சிறிய உணரியில் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் இடம் கால் பங்கே.

முன்னதை ‘ஓர் அங்குல உணரி’ என்று விளம்பரங்கள் குறிக்கும். அதன் மூலைக்கு மூலை அளவோ ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். ஓர் அங்குலமோ 25.4 மில்லிமீட்டர். பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தைக் கொண்டு பெயரிட்ட வழக்கம் இன்றும் நீடிப்பதே இதற்குக் காரணம்.

வில்லை

வில்லையின் துளை ‘எஃப்’ எண்ணால் குறிக்கப்படுகிறது. எண் சிறிதானால் துளை பெரிது. இக்கேமராவில் அகன்ற காட்சிக்கு எஃப் 1.8, தொலைவிலுள்ளதை நெருக்கிக் காட்டும்போது எஃப் 4.9. பின்னதில் உணரிக்குக் கிட்டும் ஒளி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகக் குறைகிறது. கடையில் பெரிய எழுத்தில் காணப்படுவது பெரும்பாலும் முதல் எண்ணே. இரண்டாம் எண்ணையும் கேட்டறிதல் வேண்டும்.

வில்லைகளை நகர்த்தி உருவைப் பெரிதாக்குவது ஆப்டிகல் ஜூம், இதில் 3.6 மடங்கு. டிஜிட்டல் ஜூம் என்பதோ எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதே. அதனால் புதிய நுட்பம் எதுவும் சேர்வதில்லை.

ஐ.எஸ்.ஓ. என்னும் எண்

இதுவே நம் உரைகல்லில் முதன்மையானது. ஒளி குறைந்த இடத்தில் உணரி தரும் குறிப்பை மின்முறையில் பெருக்கிக்காட்டும் அளவே ஐ.எஸ்.ஓ. இக்கேமராவில் அது 125 முதல் 6,400 வரை செல்லும். குறிப்பு பெருகும்போது அதிலுள்ள பிழையும் உடன் பெருகுகிறது. படத்தில் மணல் தூவியதுபோலப் பொய்ப்புள்ளிகள் தோன்றுகின்றன. அவற்றை நீக்கக் கருவி படத்தை வழித்து மென்மையாக்கும்போது, எழுத்தின் மெய்ப்புள்ளியும் கரைந்துபோகக்கூடும். இல்லாத புள்ளியைச் சேர்ப்பதும் உள்ள புள்ளியை அழிப்பதுமாகிய இருவகைப் பிழைகளும் இங்கேதான் நேர்கின்றன. மனித முகத்தில் இவ்வழிப்பு அழகாகத் தோன்றலாம்; ஏட்டிலோ அது பாடத்தையே திரித்துவிடும்.

ஆதலின், ஏடுகளைப் படமெடுப்போர் கேமராவைக் கையில் பிடியாது தாங்கியில் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. எண்ணை 125 என வைத்து, ஒளி புகும் நேரத்தை நீட்டித்தல் வேண்டும். பொத்தானை அழுத்தும் அதிர்வு தணிய 2 நொடித் தாமத வசதியைப் பயன்படுத்தலாம். மிக அகன்ற காட்சியில் பக்கத்தின் ஓரக்கோடுகள் வளையுமாதலால், சற்று விலகி நின்று இடைப்பட்ட ஜூம் நிலையில் எடுப்பது நன்று. திடீரெனப் பாயும் ஃபிளாஷ் ஒளி ஏட்டில் பளபளப்பை உண்டாக்கும். சாளரத்தின் வழியே வரும் மென்மையான ஒளியே ஏற்றது. கருவி வழித்துத் திருத்தும் ஜேபெக் வடிவத்தோடு, உணரி தந்ததை உள்ளவாறே காக்கும் ‘ரா’ வடிவத்தையும் சேமித்தல் வேண்டும். ‘ரா’ படம் ஒன்றுக்கு ஏறத்தாழ 20 மெகாபைட் எனக் கொண்டால், 200 பக்க நூல் 4 ஜிகாபைட்டில் அடங்கிவிடும்.

முடிவுரை

2010இல் உலகெங்கும் 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை இத்தகைய சிறு கருவிகளே. அதன்பின் கைப்பேசிகள் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. எனினும், உணரியின் பரப்பு என்ன, வில்லையின் துளை என்ன, குறைந்த ஒளியில் விளைவது என்ன, வழிக்காத படம் கிடைக்குமா என்னும் நான்கு வினாக்களும் கைப்பேசிக்கும் பொருந்தும். கல்லூரியிலோ உறவினரிடமோ பயனின்றிக் கிடக்கும் பழைய கேமராவும் இந்நான்கில் தேறினால் நம் பணிக்குப் போதுமானதே.

கரையான் கருவியின் விலையைக் கேட்டுக் காத்திருப்பதில்லை. அலமாரிகளில் உறங்கும் ஏடுகளைப் பெரியோர்கள் திறந்துதர முன்வரவேண்டும். மாணவர்கள் பொறுமையோடு பக்கம் பக்கமாகப் பதிவுசெய்து, ஊர், உடையவர், ஏட்டின் நிலை ஆகியவற்றையும் குறித்துவைத்து, படிகளை இருவேறு இடங்களில் காத்தல் வேண்டும். ஆசிரியர்கள் எடுத்த படத்தை மூலத்தோடு ஒப்புநோக்கி, புள்ளி புள்ளியாகச் சரிபார்த்துத் தரவேண்டும். படம் எடுத்தாயிற்று என்று மூல ஏட்டைக் கைவிடுதலும் ஆகாது. இம்மூவரும் ஒன்றுபட்டால், இறைவன் நாடின், நம் முன்னோர் இட்ட ஒரு புள்ளியும் வீண்போகாது.