ஒரே அறை, இரண்டு உடம்பு

2023 ஜூலை 24. இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரத்தின் பழைய வானியல் ஆய்வகத்தில் வெப்பமானி 47 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 1791 முதல் அங்கே வெப்பநிலையைக் குறித்து வருகிறார்கள். இத்தனை ஆண்டுகளில் அப்படியொரு நாள் பதிவானதில்லை. அன்றும் அந்த நகரத்தின் வீடுகளில் யாரோ தரை துடைத்தார்கள், துணி தேய்த்தார்கள், படுக்கையில் கிடக்கும் முதியவரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். அந்த வேலைகளைச் செய்பவர்களில் தமிழர்களும் உண்டு. இலங்கைப் போர் தொடங்கிய 1980களிலிருந்து வந்து சேர்ந்த ஈழத்தமிழர்கள் பலெர்மோவில் ஒரு சமூகமாகவே வாழ்கிறார்கள். பல்லாரோ சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களில் தமிழ் காதில் விழும்.

வேலையிடத்தில் சுகம் என்ற பேச்சு வந்தால் இப்போது எல்லாரும் டென்மார்க்கைக் காட்டுகிறார்கள். மங்கிய விளக்கு, மெழுகுவத்தி, கம்பளிப் போர்வை, சூடான காப்பி, கூட உட்கார்ந்து பேச நாலு பேர். ஹூகே என்று அதற்குப் பெயரும் சொல்லி, உலகம் முழுக்க அலுவலகங்களை அலங்கரிக்கிறார்கள். குளிர்நாட்டு மக்கள் இருண்ட மாதங்களைக் கடக்கக் கண்டுபிடித்த அன்பான ஏற்பாடு அது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டென்மார்க் உலகத்துக்குக் கொடுத்த பெரிய கொடை மெழுகுவத்தி அல்ல. ஒரு மனித உடம்பு ஓர் அறையில் எப்போது சுகமாக இருக்கும் என்பதை எண்ணாகக் கணக்கிட்டுச் சொன்ன பெரிய அறிவியல் அங்கிருந்து வந்தது. மெழுகுவத்தியைப் பற்றியும் அதே அறிவியல் ஒன்றைச் சொல்லியிருக்கிறது. டென்மார்க்கில் 56 வீடுகளின் காற்றை அளந்து பார்த்தபோது, உள்ளே இருந்தவர்கள் சுவாசித்த மீநுண் துகள்களின் பெரும்பங்கு எரியும் மெழுகுவத்தியிலிருந்து வந்திருந்தது.

போல் ஓலே ஃபாங்கர் என்பவர் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர். அறையின் வெப்பத்தையும் ஈரத்தையும் துல்லியமாகக் கட்டுப்படுத்தக்கூடிய சோதனைக் கூடங்களில் ஆட்களை உட்கார வைத்து, மூன்று மணி நேரம் போல விட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். கடுங்குளிர் முதல் கொதிப்பு வரை ஏழு படிகள், நடுவில் பூஜ்யம். அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் ஏறக்குறைய 1,300 பேர், பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள், இப்படிச் சொன்ன பதில்களை வைத்து ஃபாங்கர் 1970இல் தன் நூலை வெளியிட்டார். இன்று உலகெங்கும் ஏசி போட்ட அலுவலகங்களின் வெப்பநிலையைத் தீர்மானிக்கும் ஐஎஸ்ஓ 7730 என்ற தரவிதி அந்தச் சமன்பாட்டின் மேல்தான் நிற்கிறது.

ஃபாங்கர் சொன்னது இதுதான்: சுகத்தை வெப்பமானி மட்டும் சொல்லிவிடாது. ஆறு விஷயங்கள் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. காற்றின் வெப்பம், சுவரும் கூரையும் வீசும் வெப்பம், காற்று நகரும் வேகம், ஈரப்பதம் ஆகிய நாலும் அறையைச் சேர்ந்தவை. போட்டிருக்கும் உடை, செய்யும் வேலை ஆகிய இரண்டும் ஆளைச் சேர்ந்தவை. இந்த ஆறாவது விஷயத்தில்தான் என் கட்டுரையின் உயிர் இருக்கிறது. அதற்கு முன் பலெர்மோவில் ஒரு கட்டடத்தைப் பார்த்துவிடலாம்.

நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஸீஸா என்றொரு அரண்மனை. நார்மன் மன்னன் முதலாம் வில்லியம் 1165இல் தொடங்கினான், மகன் இரண்டாம் வில்லியம் முடித்தான். அரசர் கிறிஸ்தவர், கட்டடக் கலை அரபு மரபு. 2015 முதல் அது யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. கோடைக்கென்றே கட்டிய மாளிகை அது. கீழ்த்தளத்தின் நடுக் கூடத்தில் சுவரிலிருந்து ஊற்று விழும். விழுகிற இடத்தில் சாய்வாகப் பதித்த பளிங்குப் பலகை; அதன் மேற்பரப்பு வழவழப்பாக இல்லாமல் வரிவரியாகச் செதுக்கியிருக்கும். வரிகளில் தண்ணீர் தடுக்கித் தடுக்கி மெல்லிய படலமாகப் பரவி இறங்கும், பிறகு தரையில் வெட்டிய வாய்க்கால் வழியே இரண்டு சிறிய சதுரத் தொட்டிகளைத் தாண்டி வெளியே இருந்த குளத்துக்கு ஓடும். கடல் பக்கம் பார்த்த வாசலில் நுழையும் காற்று அந்தக் குளத்தையும் வாய்க்காலையும் தொட்டு வந்து, சுவருக்குள் விட்ட குழாய்ப் பாதைகள் வழியே மேலேறும்.

செதுக்கிய வரிகளுக்குக் காரணம் அழகு மட்டும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை அது சுற்றியுள்ள காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். படலம் எவ்வளவு பரப்பில் விரிகிறதோ அவ்வளவு வேகமாக ஆவியாகும். பலெர்மோவில் வெயில் உச்சத்தைத் தொடுவது ஸ்கிரோக்கோ அடிக்கும்போது. சஹாராவிலிருந்து கிளம்பும் காற்று அது. தெற்கே உள்ள மலைகளைத் தாண்டி நகரத்துக்குள் இறங்கும்போது இன்னும் சூடேறி, உலர்ந்துபோய் வரும். உலர்ந்த காற்றில் நீர் சட்டென்று ஆவியாகும். கொளுத்தும் காற்றையே குளிர்ச்சிக்கு வேலை வாங்கியிருக்கிறார்கள் அந்தக் கொத்தனார்கள்.

பிற்காலச் செல்வந்தர்கள் இன்னொரு படி போனார்கள். மாளிகைக்கு அடியில் பாறையைக் குடைந்து அறை அமைத்தார்கள். அரபு ஆட்சிக்காலம் தொட்டு நகரத்துக்குக் கீழே ஓடும் நிலத்தடி நீர்ச்சுரங்கங்களில் ஒன்று அறையின் ஓரமாகப் போகும். கூரையில் வெளிக்காற்றுக்கு ஒரு துவாரம். ஸ்கிரோக்கோ ஓயும்வரை குடும்பம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். ஸ்கிரோக்கோ அறை என்றே அதற்குப் பெயர். ஃபாங்கரின் நாலு அறைக்கணக்குகளும், குளிர்ந்த சுவர், நகரும் காற்று, ஈரம், வெப்பம் எல்லாம், எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த ஊரில் கைப்பழக்கமாக இருந்தன. சுகம் கிடைத்தது அரசனுக்கும் பிரபுவுக்கும். அதை மறக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது ஆறாவது விஷயத்துக்கு வருவோம். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு ஒரு சதுர மீட்டர் தோலுக்கு 58 வாட் வெப்பத்தை வெளியேற்றுகிறது. இதை ஒரு மெட் என்பார்கள். சராசரி ஆளுக்குத் தோல்பரப்பு 1.8 சதுர மீட்டர் என்று வைத்தால் மொத்தம் 100 வாட்டுக்குச் சற்று மேல். அலுவலக மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு 1.2 மெட், அதாவது 125 வாட். வீடு கூட்டித் துடைத்துக் கழுவுகிறவருக்கு 2 முதல் 3.4 மெட். அது 210 வாட்டில் தொடங்கி 350ஐத் தாண்டிப் போகும்.

கோடை உடையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு ஐஎஸ்ஓ விதிப்படி உகந்தது 24.5 டிகிரி. ஒரு பலெர்மோ வீட்டில் ஏசியை அந்த அளவுக்கு வைத்துவிட்டு முதலாளி அம்மா சோபாவில் உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். அவருக்கு அறை சுகம். அதே அறையில் சோபாவை நகர்த்தித் துடைக்கும் பெண்ணுக்கு உடம்பு இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு வெப்பத்தைத் தள்ளியாக வேண்டும். வெப்பமானி இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். அந்தப் பெண் ஏசியின் குளிரைக் கூட்டச் சொல்லிக் கேட்டால் "இவ்வளவு குளிரில் என்ன புழுக்கம்?" என்பதுதான் பதிலாக வரும். அவர் அதிகப்படியாக எதையும் கேட்கவில்லை. ஃபாங்கரின் சமன்பாட்டிலேயே அவருக்கு வேறு விடை வருகிறது.

அந்தச் சமன்பாட்டைப் பயன்படுத்துவதிலும் ஒரு சாய்வு உண்டு. 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் இதைச் சுட்டிக்காட்டினார்கள்: அலுவலகக் கணக்குகளில் போடும் மெட் மதிப்பு 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஆணுடையது; பெண்களின் வெப்ப உற்பத்தியை அது 35 விழுக்காடு வரை கூட்டிக் காட்டலாம். ஏசி அலுவலகத்தில் பெண்கள் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. மேசைப் பெண்ணுக்குக் குளிர்கிறது, கூட்டும் பெண்ணுக்கு வேர்க்கிறது. அறையை வடிவமைத்தவர் மனதில் இருவருமே இல்லை.

வெப்பத்தோடு கதை முடியவில்லை. டென்மார்க்கில் 1999இல் வெளியான ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் அலுவலகத்தில் 20 ஆண்டு பழைய தரைவிரிப்பு ஒன்றைத் தடுப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள். சில நாள் விரிப்பு இருக்கும், சில நாள் இருக்காது. வெப்பம், வெளிச்சம், காற்றோட்டம் எதிலும் மாற்றமில்லை. வேலை செய்த 30 பெண்களுக்கும் இது தெரியாது. விரிப்பு இருந்த நாட்களில் தலைவலி கூடியது, தட்டச்சு செய்த அளவு 6.5 விழுக்காடு குறைந்தது. கண்ணுக்குத் தெரியாத காற்றின் அழுக்கு உடம்பைத் தொட்டு வேலையையும் தொட்டுவிடுகிறது என்று அளந்து காட்டியதால், நல்ல காற்றுக்குச் செலவழிக்க நிறுவனங்களுக்குக் காரணம் கிடைத்தது.

அழுக்கு விரிப்பை அகற்றச் சொல்ல மேசையில் இருப்பவருக்கு ஓர் ஆய்வு கிடைத்தது. அந்த விரிப்பைத் துவைப்பவரின் காற்று? நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு ஐரோப்பாவில் 6,235 பேரை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. துப்புரவுத் தொழில் செய்த பெண்களுக்கும், வீட்டைத் தாங்களே சுத்தம் செய்துவந்த பெண்களுக்கும் நுரையீரலின் திறன் மற்றவர்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அமிலம் ஊற்றித் தேய்ப்பவருக்கு முதல் தேவை திறந்த ஜன்னல்.

சட்டம் என்ன சொல்கிறது? வெயில் வேலைக்கு சிசிலி விழித்துக்கொண்டுவிட்டது. 2024 கோடையில், வெப்ப அபாயம் அதிகம் என்று அறிவிக்கப்படும் நாட்களில் பகல் 12.30 முதல் 4 மணி வரை வயல், தோட்டம், கட்டட வேலைகளை நிறுத்தும்படி மாநில அரசு ஆணையிட்டது. வீட்டுக்குள் வேலை செய்பவர் நிலை வேறு. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் வீட்டுப் பணியாளர் உடன்படிக்கையை இத்தாலி 2013லேயே ஏற்றது. வீட்டோடு தங்கி வேலை செய்பவருக்கு வாரம் 54 மணி நேரம்தான் உச்சவரம்பு, தொடர்ந்து 11 மணி நேர இரவு ஓய்வு, பகலில் குறைந்தது 2 மணி நேர ஓய்வு என்று தேசிய ஒப்பந்தமும் இருக்கிறது. பாராட்ட வேண்டிய ஒப்பந்தம். ஆனால் வேலையிடப் பாதுகாப்புக்கான 2008ஆம் ஆண்டின் பெரிய சட்டம், 'தொழிலாளி' யார் என்று வரையறுக்கும் இடத்திலேயே வீட்டுப் பணியாளர்களை விலக்கிவிடுகிறது. ஃபாங்கரின் அறிவியல் நுழைய வேண்டிய கதவு அதுதான், அதுதான் மூடியிருக்கிறது.

பலெர்மோத் தமிழர்கள் ஓய்வு நாளில் நேர்த்திக்கடன் செலுத்தப் பெல்லெக்ரினோ மலையேறிப் புனித ரொசாலியா கோயிலுக்குப் போகிறார்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, இந்துக்களும். கோயில் என்பது ஒரு குகை. பாறையிலிருந்து சொட்டும் நீரை உலோகத் தகடுகளில் ஏந்தி வழியவிடுகிறார்கள். கோடையிலும் உள்ளே குளிர்ச்சி. நேர்த்திக்கடன் அவர்களுடைய நம்பிக்கை. அந்தக் குளிர்ச்சியும் அவர்களுக்கு உரியதுதான் என்று நான் சேர்த்துச் சொல்வேன்.

தமிழ்நாட்டிலும் இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்து, விற்பனையாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டமாக்கினோம். கேரளம் 2018லேயே செய்திருந்தது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்ற கால்களுக்குக் கிடைத்த முதல் நீதி அது. வெயிலைப் பற்றியும் கண் திறந்திருக்கிறது: சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் உழைக்கும் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து, கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரட்டிப்பானதைக் கண்டார்கள். ஆனால் இத்தாலி ஏற்ற அந்த வீட்டுப் பணியாளர் உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை.

சட்டம் வரும்வரை நம் வீட்டிலேயே செய்ய வேண்டியது உண்டு. நம் ஊரில் கூட்டும்போது தூசி பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்துவோம். சென்னையின் ஈரக்காற்றில் வேர்வை ஆவியாக ஒரே துணை நகரும் காற்றுதான். உடம்பு அதிக வெப்பத்தை வெளியேற்றுகிற அந்த நேரத்தில் காற்றின் வேகத்தை நாம் பூஜ்யமாக்குகிறோம். கூட்டி முடித்ததும் விசிறியைப் போடுங்கள். மாப் போடும்போது அது ஓடட்டும், தரையும் சீக்கிரம் உலரும். பாத்திரம் துலக்கும் இடத்தில் ஜன்னல் திறந்திருக்கட்டும். வேலைக்கு வரும் அம்மா நடுவில் பத்து நிமிடம் விசிறிக்குக் கீழே உட்கார எந்த நாற்காலி என்று நாளைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.