நீள்வட்டப் பந்தயப் பாதையும் பாவனைச் சாரதியும்

சென்ற கோடை விடுமுறைக்கு முன், விடுதியில் என் அறைக்கு வந்த நண்பரொருவர், மேசையில் திருகிப் பொருத்தியிருந்த ஸ்டியரிங்கையும், கணினித் திரையில் விரைந்து சென்ற பந்தயப் பாதையையும் சற்று நேரம் உற்று நோக்கி நின்றார். பின்னர், "இடப்புறம் திரும்புகிறீர், மீண்டும் இடப்புறமே திரும்புகிறீர். செக்குமாடு வேறென்ன செய்கின்றது?" என்று வினவினார். அப்பொழுது தக்க விடை கூற என்னால் இயலவில்லை. என்னை? அக்கணமே என் வண்டி நிலைதடுமாறிச் சுவரில் மோதிச் சிதைந்தது. அன்று கூறாதுவிட்ட விடையை ஈண்டு எழுத முற்படுகின்றேன்.

ஸ்டாக் கார்ப் பந்தயம் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குப் பகுதியில் செழித்து வளர்ந்தது. கடையில் எவரும் விலைகொடுத்து வாங்கத்தக்க சாதாரண மோட்டார் வண்டியை, அதிகம் மாற்றாமல் பந்தயத்தில் ஓட்டுவதே அதன் ஆதிக்கருத்து. 1948ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், புளோரிடா மாகாணத்து டேட்டோனா கடற்கரை நகரில், பில் பிரான்ஸ் என்பாரின் முயற்சியால் நாஸ்கார் என்னும் சங்கம் பதிவுபெற்றது. மறு ஆண்டு ஜூன் மாதத்தில் சார்லட் நகரில் சாதாரண வண்டிகளுக்கென்றே அச்சங்கத்தின் முதற் பந்தயம் நடைபெற்றது. இக்காலத்துப் பந்தய வண்டியோ புறத்தோற்றத்தில் மட்டுமே கடைவண்டியைப் போன்றது. உள்ளே இருப்பது எஃகுக் குழாய்க் கூடு. எடை ஏறத்தாழ 1,500 கிலோ. பெரும்பாலான பாதைகளில் இயந்திரத்தின் வலிமை 650 குதிரைத்திறனுக்கு மேற்பட்டது. இத்துணைப் பாரமும் இத்துணை வலிமையும் தரையைத் தொடுவது நான்கு டயர்களின் அடியில், ஒவ்வொன்றிலும் நம் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய இடத்தில்தான் என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்வாராக. இக்கலையின் இடர்ப்பாடு முழுவதும் அங்கிருந்தே தொடங்குகின்றது.

பாதைகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. வர்ஜீனியாவிலுள்ள மார்ட்டின்ஸ்வில் சுற்றொன்றுக்கு 0.526 மைல் நீளமே உடையது. அதன் வளைவுகள் 12 பாகை சாய்ந்தவை. 1959இல் திறக்கப்பெற்ற டேட்டோனாப் பாதை 2.5 மைல் நீளமும் 31 பாகைச் சாய்வும் உடையது. 1969இல் திறந்த டல்லடேகா இன்னும் பெரிது, 2.66 மைல், 33 பாகை. சாய்வின் பயனை நம் பெளதிக மாணவர் எளிதில் உணர்வர். சாய்தளத்தின் டான்ஜென்ட் மதிப்பைப் புவியீர்ப்பினாற் பெருக்கினால், டயரின் உராய்வை நாடாமலே வண்டியை உட்புறம் வளைக்கும் முடுக்கம் கிடைக்கும். 31 பாகைக்கு அது புவியீர்ப்பில் பத்தில் ஆறு பங்கு. 12 பாகைக்குப் பத்தில் இரண்டு பங்கே. ஆகவே டேட்டோனாவில் பாதையே சாரதிக்குத் துணைநிற்கின்றது. மார்ட்டின்ஸ்வில்லிலோ பெரும்பகுதியும் டயரின் பொறுப்பு. சிறிய பாதை, குறைந்த வேகம், ஆதலின் எளிது என்று எண்ணி அங்கே தொடங்குபவர் ஏமாறுவர். யானும் ஏமாந்தேன்.

இனிப் பாவனை ஓட்டத்தைப் பற்றிச் சிறிது. ஸ்டாக் கார்களைக் கணினியில் மெய்போல் இயக்கும் முயற்சியில் டேவ் கேமர் என்பவரின் பெயர் முதன்மையானது. அவர் துணைநின்று நிறுவிய பாப்பைரஸ் என்னும் நிறுவனம் 2003இல் வெளியிட்ட நாஸ்கார் விளையாட்டு இன்றும் பழைய அன்பர்களால் போற்றப்படுகின்றது. 2004இல் அவரும், பாஸ்டன் நகரத்துப் பேஸ்பால் குழுவின் உடைமையாளருள் ஒருவரான ஜான் ஹென்றியும் சேர்ந்து தொடங்கிய ஐரேஸிங் என்னும் சிமுலேட்டர் 2008இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மெய்யான பாதைகளை லேசர்க் கதிரினால் அளந்து, அவற்றின் மேடுபள்ளங்களையும் ஒட்டுக்களையும் அவ்வாறே கணினிக்குள் அமைத்திருப்பது அதன் சிறப்பு. ஓட்டுபவர்கள் பல தேசங்களில் தத்தம் வீட்டிலிருந்தவாறே ஒரே பந்தயத்தில் கலந்துகொள்வர்.

ஆயினும் ஒரு குறை உண்டு. மெய்ச்சாரதிக்கு வண்டியின் பின்புறம் வழுக்கத் தொடங்குவது முதலில் முதுகுக்கும் இருக்கைக்கும் தெரியும். கண்ணுக்குப் பின்னரே தெரியும். நாற்காலியில் அசையாது அமர்ந்திருக்கும் பாவனைச் சாரதிக்கு அவ்வுணர்வு இல்லை. ஸ்டியரிங்கினுள் உள்ள மோட்டார் கைக்குத் தரும் இழுவை, டயரின் ஓசை, திரையில் தொடுவானத்தின் அசைவு ஆகிய இம்மூன்றையும் கொண்டே அவன் அனைத்தையும் ஊகித்தறிதல் வேண்டும். ஸ்டியரிங் திடீரென இலேசானால் முன்டயர்கள் பிடிப்பை இழக்கின்றன என்று பொருள். இதைப் பழகிக்கொள்ள எனக்கு ஏறத்தாழ ஒரு மாதம் பிடித்தது. திரையின் பார்வைக்கோணத்தைத் தவறாக அமைத்திருந்தமையால் அம்மாதத்திற் பாதி வீணாயிற்று என்பதையும் ஒப்புக்கொள்கின்றேன். கோணம் மிக விரிந்திருப்பின் வளைவு தொலைவிற் போலத் தோன்றி, வேகத்தின் அளவு கண்ணுக்குப் பொய்யாகின்றது.

டயரின் பிடிப்பு, மாதச் சம்பளம் போன்றது. அளவு ஒன்றே, செலவுகள் மூன்று. பிரேக்குக்குக் கொஞ்சம், திரும்புதற்குக் கொஞ்சம், முடுக்குதற்குக் கொஞ்சம் எனப் பகிர்ந்தளிக்கலாமேயன்றி, மூன்றுக்கும் முழுமையாகக் கொடுக்கவியலாது. மேலும், பிரேக்கை மிதிக்குங்கால் வண்டியின் பாரம் முன்னோக்கிச் சென்று முன்டயர்களை அழுத்துகின்றது, பின்டயர்கள் இலேசாகின்றன. முடுக்குங்கால் இதற்கு மாறாக நிகழும். எனவே கால்களும் வண்டியைத் திருப்புகின்றன. வளைவினுள் நுழைகையில் பிரேக்கைச் சட்டென்று விடாமல், சிறிது சிறிதாக விடுபவனுக்கு முன்புறம் பாரம் நிலைத்து, வண்டி தானே உட்புறம் மடங்கும். சட்டென்று விடுபவனுக்கு மூக்கு மேலெழுந்து, வண்டி நேரே சுவரை நாடும்.

மார்ட்டின்ஸ்வில்லில் என் தொடக்ககாலத்துச் சுற்றொன்றை விவரித்தால் இது விளங்கும். நேர்ப்பாதையின் நீளம் 800 அடி. அதன் முடிவு மட்டும் முழு வேகத்தில் சென்று, மிகப் பிந்திப் பிரேக்கை மிதிப்பேன். வண்டி உட்கோட்டை அடையாமல் மேலே வழுகும். உடனே ஸ்டியரிங்கை இன்னும் திருப்புவேன்; பயனில்லை, ஏனெனில் முன்டயர்கள் ஏற்கெனவே தம் எல்லையைக் கடந்துவிட்டன. கடந்த பின்னர் அதிகம் திருப்புவது, காது கேளாதவனிடம் மேலும் மேலும் மெல்லப் பேசுவதை ஒக்கும். பொறுமையிழந்து ஆக்சிலரேட்டரை விடுவேன். பாரம் முன்னே பாய, திருகியிருந்த முன்டயர்களுக்குப் பிடிப்பு ஒருங்கே திரும்பி வர, பின்புறம் சுழன்றுவிடும். முதலில் முன்புறம் வழுகியதும், பின்னர்ப் பின்புறம் சுழன்றதும் இரண்டு வெவ்வேறு நோய்கள் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். காரணம் ஒன்றே, வளைவுக்கு மிக விரைந்து வந்தேன். மனம் ஒப்பும் இடத்திற்கு மூன்று வண்டி நீளம் முன்னரே காலை எடுத்தால், வண்டி அமைதியாக உட்கோட்டைத் தொட்டு, ஸ்டியரிங் நேராகத் தொடங்கும்பொழுதே முடுக்க இடங்கொடுக்கின்றது. வளைவை விட்டு வெளியேறும் வேகம் 800 அடியிலும் உடன் வருகின்றது. நுழையும்போது வீரங்காட்டிப் பெற்ற வேகமோ பத்தடியில் தீர்ந்துபோகின்றது. இதனை அறிவினால் அறிந்தது முதல் நாளில்; கால் அறிந்தது பல வாரங்கள் கழித்தே.

முன்புறம் வழுகும் வண்டியை அமெரிக்கர் 'டைட்' என்றும், பின்புறம் வழுகும் வண்டியை 'லூஸ்' என்றும் கூறுவர். பின்புறம் வழுகும்போது ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்பித் தடுத்தல் வேண்டும் என்பது எவருக்கும் இயல்பாகத் தோன்றும். கெடுதி அங்கன்று, அதனை மீளத் திருப்புவதிலே உள்ளது. முன்டயர்கள் வலம் நோக்கியிருக்க, பின்டயர்கள் பிடிப்பை மீளப்பெற்றால், வண்டி அம்புபோல் வலப்புறச் சுவரிற் பாயும். இடப்புறமே திரும்பும் பந்தயத்தில் சுவர் எப்பொழுதும் வலப்புறமே அன்றோ! ஆதலின் திருத்தம் சிறிதாகவும் குறுகியதாகவும் இருத்தல் நலம். ஓரெல்லையைக் கடந்து வண்டி சுழலுமாயின், அதனோடு போராடாமல், பிரேக்கை முழுதும் அழுத்தி நின்றுவிடுவதே மேல். பின்வருவோர்க்கு நாம் எங்கே கிடப்போம் என்பது தெரிந்தால் அவர் விலகிச்செல்வர்.

வண்டியின் அமைப்பை மாற்றியும் இக்குணங்களைத் திருத்தலாம். வலது முன்டயரும் இடது பின்டயரும் தாங்கும் எடை மொத்தத்திற் பாதிக்கு மேல் எவ்வளவு மிகுகின்றதோ அவ்வளவு வண்டி டைட் ஆகும். குறைத்தால் லூஸ் ஆகும். பழைய முறை வண்டிகளில் வலது பின்டயரை இடதைவிடச் சற்றுப் பெரிதாக வைப்பர். வாய் அகன்ற தம்ளரைத் தரையில் உருட்டினால் நேரே ஓடாமல் வட்டமிடுகின்றதன்றோ? அதே தத்துவம். ஆனால் தொடக்கத்தில் மாணாக்கன் இவற்றில் கைவைத்தல் தகாது என்பது என் துணிபு. தன் காலின் பிழையைத் திருகாணியின்மேல் ஏற்றிச் சொல்லும் பழக்கம் எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

டேட்டோனா போன்ற பெரும் பாதைகளில் வேறொரு கல்வி வேண்டும். அங்கே கால் பெரும்பாலும் முழு அழுத்தத்திலேயே இருக்கும். காற்றே தலைமை தாங்கும். முன்செல்லும் வண்டி காற்றைப் பிளக்க, பின்வருவது குறைந்த தடையில் வரும். பின்வருவது நெருங்குதலால் முன்னதன் பின்னிருந்து இழுக்கும் காற்றின் சுழலும் தணியும். ஆகவே நெருங்கிச் செல்லும் இரண்டு வண்டிகள் தனித்த ஒன்றைவிட விரைவானவை. எதிரியின் உதவியின்றி எவனும் வெல்லமுடியாத விந்தையான பந்தயம் இது. நேராக மெல்ல இடித்துத் தள்ளினால் உதவி. சிறிது கோணலாக இடித்தாலோ முன்னவன் கவிழ்வான்.

இதனை யான் கற்ற விதம் பெருமைக்குரியதன்று. என் முதற் பெரும்பாதைப் பந்தயத்தில், முடிவுக்கு நான்கு சுற்றே இருக்க, எனக்கு முன்னிருந்தவரை வளைவின் வாயில் கோணலாக இடித்தேன். அவரோடு எங்கள் பின்வந்த வண்டிகள் பத்துக்கு மேல் சிதறின. இடிபட்டவர் வைதிருந்தால் தாங்கியிருப்பேன். அவரோ, தம் ஊரில் அப்பொழுது விடியற்காலம் என்றும், வேலைக்குச் செல்லுமுன் இவ்வொரு பந்தயத்திற்காகவே எழுந்ததாகவும் அமைதியாகக் கூறி விலகிவிட்டார். எவர் உடம்பிலும் கீறலில்லை. எந்த இரும்பும் நெளியவில்லை. எனினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இச்சிமுலேட்டரில் மோதலுக்குப் புள்ளிகள் விதிப்பர்: பாதையை விட்டு விலகின் 1, தடுமாறிச் சுழலின் 2, பிறர்மேல் வலுவாக மோதின் 4. குற்றவாளி யார் என்று அது ஆராய்வதில்லை. மோதிய இருவர்க்கும் ஒரே தண்டனை. இது நியாயமோ என்று முதலிற் சினந்தேன். இப்பொழுது, பிறர் பிழைசெய்யக்கூடிய இடத்தில் நாம் இல்லாதிருத்தலும் ஓட்டத்திறனின் ஒரு பகுதியே எனக் கருதுகின்றேன். ஆயினும் அன்று என்னால் நான்கு புள்ளி சுமந்தவருக்கு அதனை எடுத்துரைக்க எனக்கு வாயில்லை.

பாவனையிற் கற்றது மெய்யில் உதவுமோ என்பது பலரும் கேட்கும் கேள்வி. வில்லியம் பைரன் என்னும் இளைஞர் முதலில் ஐரேஸிங்கில் பழகி, 15 வயதளவிலேதான் மெய்யான பந்தய வண்டியில் ஏறினார். 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் டேட்டோனா 500 பந்தயத்தை வென்றார். 2020 மார்ச்சில் நோய்த்தொற்றினால் மெய்ப்பந்தயங்கள் நின்றபொழுது, புகழ்பெற்ற சாரதிகளே கணினியின்முன் அமர்ந்து போட்டியிட்டனர். முதற்போட்டியில் டென்னி ஹாம்லின் வென்றார்.

இவற்றினும் வியப்பானது, 2022 அக்டோபர் 30ஆம் நாள் மார்ட்டின்ஸ்வில்லில் நிகழ்ந்தது. இறுதிச் சுற்றில் ராஸ் சாஸ்டெயின் என்பவர் பிரேக்கைத் தொடாமல், தம் வண்டியின் வலப்பக்கத்தை வெளிச்சுவரோடு ஒட்டி உராயவிட்டு, முழு வேகத்தில் வளைவைச் சுற்றி ஐந்து வண்டிகளைக் கடந்தார். அச்சுற்றுக்கு ஆன நேரம் 18.845 வினாடி, அப்பாதையில் எந்த ஸ்டாக் காரும் அதற்குமுன் அத்துணை விரைவாகச் சுற்றியதில்லை. சிறுவயதில் ஒரு வீடியோ விளையாட்டில் செய்த தந்திரம் நினைவுக்கு வந்ததாக அவர் பின்னர்க் கூறினார். மறு ஆண்டுத் தொடக்கத்திலேயே சங்கத்தார் அச்செயலுக்குத் தடைவிதித்தனர். தடை சரியென்பதே என் எண்ணம். எனினும் அக்காட்சியைப் பன்முறை கண்டிருக்கின்றேன் என்பதை மறைப்பானேன்?

இப்பொழுது யான் பயில்வது தென் கரோலினாவிலுள்ள டார்லிங்டன். 1950இல் திறந்த அப்பாதை 1.366 மைல் நீளமுடையது. நிலத்தின் ஒரு புறத்திலிருந்த மீன்குளத்தைக் கெடுக்கலாகாது என்று நிலத்துக்குரியவர் விரும்பினமையால், பாதை அமைத்தவர் ஒரு முனையைக் குறுக்கிக் கட்டினார். ஆதலின் வடிவம் முட்டைபோல் ஆயிற்று. ஒரு முனைக்கு இசைந்த வண்டி மறுமுனைக்கு இசைவதில்லை. ஒன்றில் டைட் எனக் கண்டு திருத்தினால் மற்றதில் லூஸ் ஆகின்றது. வேகமான கோடோ சுவரை ஒட்டியே செல்கின்றது. விரற்கடை தவறினும் வலப்பக்கம் முழுதும் உராய்ந்து கறுத்த கோடு விழும். செக்குமாடு என்ற நண்பரை அங்கே ஒருநாள் ஓட்டச் செய்தேன். அவர் இரண்டாம் வளைவைக் கண்டிலர். யானோ இன்றளவும் வலப்பக்கத்தில் கறையின்றி இருபது சுற்றுக்களைத் தொடர்ந்து முடித்தேனல்லேன். நேற்றிரவு எண்ணியது பதினேழு.