சார்ஜ் நிற்கவில்லையா? கடைக்குப் போகும் முன் கணக்குப் பாருங்கள்

"கேமரா எப்படியிருந்தாலும் பரவாயில்லை. காலையில் சார்ஜ் போட்டால் ராத்திரி வரை நிற்க வேண்டும். எந்தக் கைத்தொலைபேசி வாங்கலாம்?" ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலைப் பக்கம் நடந்தால் இந்தக் கேள்வி காதில் விழாமல் இருக்காது. கேள்வி சின்னதுதான். ஆனால் அதன் பின்னால் இருக்கும் பணம் பலருக்குச் சின்னதல்ல. கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் ஒருவருக்கு அது பல மாதச் சேமிப்பு. ஓய்வு பெற்ற பெரியவருக்கு, பிள்ளைகளிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் தொகை. அதனால் இன்று ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடப் போவதில்லை. சார்ஜ் ஏன் தீர்கிறது என்பதை முதலில் பார்ப்போம். எதை வாங்குவது என்பது அதற்குப் பிறகு தானே விளங்கும்.

சார்ஜ் தீர்ந்தால் என்ன, மறுபடி போட்டுக்கொண்டால் போயிற்று என்று சிலர் கேட்கலாம். ஒரு காலத்தில் லிட்டில் இந்தியாவில் ஊருக்குப் பேச வேண்டுமென்றால் தொலைபேசி அட்டை வாங்கிக்கொண்டு பொதுத் தொலைபேசி முன் வரிசையில் நிற்க வேண்டும். இன்று அந்தத் தொலைபேசி சட்டைப் பையில் இருக்கிறது. வங்கியும் அதில்தான், சிங்பாஸும் அதில்தான். 2023 பிப்ரவரி 21-ஆம் தேதி சிங்கப்பூரின் பேநவ்வும் இந்தியாவின் யுபிஐயும் இணைக்கப்பட்ட பிறகு, ஊருக்குப் பணம் அனுப்பும் வசதியும் அதில் வந்துவிட்டது. 2020-இல் கொவிட் பரவியபோது ஊழியர் விடுதிகளுக்குள் அடைபட்டிருந்தவர்கள் நாள்தோறும் உடல் வெப்பநிலையைப் பதிவு செய்தது கைத்தொலைபேசியில். வீட்டாரின் முகத்தைப் பார்த்ததும் அதில்தான். ஆகவே திரை கறுத்துப்போவது வெறும் தொல்லை அல்ல. அந்த நேரத்தில் மனிதர் துண்டிக்கப்படுகிறார்.

இப்போது ஒரு பழைய கணக்கு. 2003-இல் வந்த நோக்கியா 1100 பலருக்கு நினைவிருக்கும். அதன் பேட்டரியின் கொள்ளளவு 850 எம்ஏஎச். இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கைத்தொலைபேசியில் 5,000 எம்ஏஎச். ஏறக்குறைய ஆறு மடங்கு. ஆனால் நோக்கியா பல நாள் தாங்கியது, புதியது ஒரு நாளைத் தாண்ட மூச்சு வாங்குகிறது. ஏன்?

அரிசி மூட்டையின் எடையை மட்டும் பார்த்து அது எத்தனை நாளைக்கு வரும் என்று சொல்ல முடியுமா? வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்றும் தெரிய வேண்டும் அல்லவா? எம்ஏஎச் என்பது மூட்டையின் எடை. சாப்பிடுகிறவர்கள் மூன்று பேர். முதலாமவர் திரை. வெயிலில் வெளிச்சத்தை முழுதாகக் கூட்டினால் அவருக்குப் பசி அதிகம். இரண்டாமவர் உள்ளே கணக்குப் போடும் சில்லு. வீடியோ அழைப்பும் விளையாட்டும் அவரை ஓயாமல் வேலை வாங்கும். மூன்றாமவர் அலைபரப்பைத் தேடும் வானொலிப் பகுதி. நோக்கியா 1100-இல் கறுப்பு வெள்ளையில் சின்னத் திரை, மிகக் குறைந்த வேலை, இணையமே கிடையாது. மூட்டை சிறியதானாலும் சாப்பிட ஆள் இல்லை!

அதற்காகப் பெட்டிக்குள் இருக்கும் அந்தப் பழைய நோக்கியாவைத் தேடி எடுத்துவிடாதீர்கள். சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. 3ஜி சேவையும் 2024-இல் முடிவுக்கு வந்தது. அதை நம்பியிருந்த கருவிகளை இங்கே பேசப் பயன்படுத்த முடியாது.

சரி, கையில் இருக்கும் கைத்தொலைபேசிக்கு வருவோம். வாங்கிய புதிதில் நன்றாக நின்ற சார்ஜ் இரண்டு வருடத்தில் குறைந்துவிட்டது என்றால், பெரும்பாலும் குற்றவாளி பேட்டரிதான், கைத்தொலைபேசி அல்ல. லித்தியம் அயன் பேட்டரி பிறந்த நாளிலிருந்தே தேய்கிறது. முழுக் கொள்ளளவு ஒருமுறை செலவானால் ஒரு சுற்று. இன்று பாதி, நாளை பாதி செலவழித்தாலும் சேர்த்து ஒரு சுற்றுதான். ஐபோன் 14 வரையிலான மாடல்கள், உகந்த சூழலில், 500 சுற்றுக்குப் பிறகு 80 விழுக்காட்டுக் கொள்ளளவோடு இருக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்கிறது ஆப்பிள் நிறுவனம். ஐபோன் 15 முதல் அது 1,000 சுற்று. தினமும் ஒரு சுற்று செலவழிப்பவருக்கு 500 சுற்று ஒன்றரை வருடத்துக்குள் முடிந்துவிடும். இதோடு வெப்பமும் சேர்ந்தால் தேய்மானம் இன்னும் வேகமாகும். ஆண்டு முழுவதும் 30 பாகை செல்சியஸைத் தாண்டும் நமது ஊரில், வெயிலில் நிற்கும் லாரியின் முன்கண்ணாடி ஓரத்தில் கைத்தொலைபேசியை வைப்பது பேட்டரியை வாட்டுவதற்குச் சமம்.

தேய்ந்த பேட்டரிக்கு இன்னொரு குணமும் உண்டு. 20 விழுக்காடு இருக்கிறது என்று காட்டும், ஆனால் கேமராவைத் திறந்தவுடன் பொசுக்கென்று அணைந்துவிடும். உள்ளே மின்தடை கூடிவிடுவதால், திடீரென்று கேட்கும் அளவுக்கு மின்சாரத்தை அதனால் கொடுக்க முடிவதில்லை. இப்படி அணைவதைத் தடுக்கப் பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பெரிய கண்டனம் எழுந்தது. 2018-இல் அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 2019 ஜனவரியில் வருமானம் குறைந்ததற்குக் காரணங்களை அடுக்கிய அதன் தலைமை நிர்வாகி, மலிவாகப் பேட்டரி மாற்றிக்கொண்டவர்கள் புதிய ஐபோன் வாங்காததையும் அவற்றில் ஒன்றாகச் சொன்னார். பேட்டரியை மாற்றினால் பலருக்குப் புதிய கைத்தொலைபேசியே வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆகவே கடைக்குப் போகும் முன் இரண்டு சோதனைகள். ஒன்று, பேட்டரியின் உடல்நலம். ஐபோனில் அமைப்புகளுக்குள் பேட்டரி பகுதியில் அதிகபட்சக் கொள்ளளவு விழுக்காட்டில் தெரியும். சாம்சுங் வைத்திருப்பவர்கள் சாம்சுங் மெம்பர்ஸ் செயலியில் சோதிக்கலாம். 80-க்குக் கீழே போயிருந்தால் பேட்டரியை மாற்றும் காலம் வந்துவிட்டது. இரண்டு, எந்தச் செயலி எவ்வளவு செலவழிக்கிறது என்ற பட்டியல். இதுவும் பேட்டரி பகுதியிலேயே இருக்கும். பார்க்காத நேரத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் செயலி அங்கே அகப்பட்டுவிடும். நம்மில் பலர் வங்கியின் ஓடிபிக்காக இந்திய சிம்மையும் போட்டு வைத்திருக்கிறோம். இரண்டு சிம் என்றால் இரண்டு இணைப்பு, கொஞ்சம் கூடுதல் செலவு. நிலத்தடியிலோ இரும்புக் கொட்டகையிலோ வேலை செய்பவர்களுக்கு அலைபரப்பு மெலிந்திருக்கும். கைத்தொலைபேசி அதைத் தேடித் தேடியே களைத்துப்போகும். 5ஜி சரியாக எட்டாத அப்படிப்பட்ட இடத்தில் 4ஜிக்கு மாற்றி வைத்துப் பாருங்கள்.

பேட்டரி தேய்ந்திருந்து மற்றவை நன்றாக இருந்தால், நிறுவனத்தின் சேவை நிலையத்தில் மாற்றக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். புதியதன் விலையோடு ஒப்பிட்டால் அது பொதுவாகச் சிறு தொகைதான். எந்த நிறுவனத்துச் சரக்கு என்று தெரியாத மலிவு பேட்டரி மட்டும் வேண்டாம். பின்மூடி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், உடனே சேவை நிலையத்துக்குக் கொண்டுபோங்கள்.

அப்படியானால் புதிது வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோயிருந்தாலோ, வங்கிச் செயலி வேலை செய்ய மறுத்தாலோ, மாற்றுவதுதான் சரி. அப்போது என்ன பார்ப்பது?

முதலில் எம்ஏஎச். 5,000-க்குக் குறையாமல் இருப்பது நல்லது. 2023 முதல் சீன நிறுவனங்கள் சிலிக்கான் கார்பன் வகைப் பேட்டரியைக் கைத்தொலைபேசிகளில் கொண்டுவந்தன. அதே இடத்தில் கூடுதல் மின்சாரம் அடங்குவதால் 6,000, 7,000 என்றெல்லாம் இப்போது கிடைக்கிறது. ஆனால் ஒரே பெயருள்ள மாடல் நாட்டுக்கு நாடு மாறலாம். ஹானர் மேஜிக் 5 புரோ சீனாவில் 5,450 எம்ஏஎச், வெளிநாடுகளில் 5,100 எம்ஏஎச். எனவே விளம்பரத்தில் பார்த்த எண்ணை நம்பாமல், உங்கள் கையில் கொடுக்கப்படும் பெட்டியில் உள்ள எண்ணைப் பாருங்கள்.

அடுத்து, எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற அளவு. வீடியோ ஓடும் நேரம் என்று விளம்பரத்தில் சொல்வது, படத்தைச் சும்மா பார்ப்பதற்கு. ஊருக்கு வீடியோ அழைப்பில் பேசும்போது திரை, கேமரா, சில்லு, அலைபரப்பு எல்லாமே சேர்ந்து உழைக்கும். அதற்கு அத்தனை மணி நேரம் வராது. இதில் நமக்கு ஒரு நல்ல துணை கிடைத்திருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் கைத்தொலைபேசிகளில் ஒரு விவரச் சீட்டு கட்டாயம். ஒருமுறை முழுச் சார்ஜ் எத்தனை மணி நேரம் தாங்கும், பேட்டரி எத்தனை சுற்று தாங்கும், பழுதுபார்ப்பது எளிதா என்பதெல்லாம் ஒரே மாதிரிச் சோதனையின்படி அதில் இருக்கும். குறைந்தது 800 சுற்றுக்குப் பிறகும் 80 விழுக்காடு இருக்க வேண்டும் என்பதும் அங்கே விதி. இந்த விவரம் இணையத்தில் யாரும் பார்க்கும்படி உள்ளது. மாடல் எண்ணும் எம்ஏஎச்சும் ஒன்றாக இருந்தால் இங்கே வாங்குபவருக்கும் அது பயன்படும்.

மூன்றாவது, ஆயுள். கூகல் பிக்சல் 8-க்கும் சாம்சுங் கேலக்சி எஸ் 24-க்கும் ஏழு ஆண்டுப் புதுப்பிப்பு உறுதியளிக்கப்பட்டது. ஏழு ஆண்டுக்கு ஒரே பேட்டரி வராது. ஆகவே வாங்கும் அன்றே பேட்டரி மாற்றும் கட்டணத்தையும் கேட்டு, அதையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

நான்காவது, சார்ஜ் ஏறும் வேகம். ஓர் அறையில் பலர் தங்கி ஒரே மின்செருகியைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், அரை மணி நேரத்தில் பாதிக்கு மேல் ஏறுவது பெரிய உதவி. ஆனால் அந்த வேகத்துக்கு ஏற்ற சார்ஜர் வேண்டும். இப்போது பல பெட்டிகளில் சார்ஜரே இருப்பதில்லை. தனியாக வாங்கும்போது சிங்கப்பூரின் பாதுகாப்புச் சின்னம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பவர் பேங்க் இருக்கிறதே என்பீர்கள். உள்ளே மின்னழுத்தம் மாறும்போது இழப்பு உண்டு. 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் 5,000 எம்ஏஎச் கைத்தொலைபேசியை இரண்டு முறை நிரப்பாது. ஒரு முறையும் கொஞ்சமும்தான். ஊருக்குப் போகிறவர்கள் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். 2025 ஏப்ரல் 1-இல் நடப்புக்கு வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விதிப்படி விமானத்துக்குள் அதைக் கொண்டு சார்ஜ் போடவும் கூடாது.

கடைசியாக, வாங்கும் இடம். கடையில் 'லோக்கல் செட்டா, எக்ஸ்போர்ட் செட்டா' என்று கேளுங்கள். எக்ஸ்போர்ட் செட் விலை குறைவாக இருக்கலாம். ஆனால் நிறுவனத்தின் உள்ளூர் உத்தரவாதம் பெரும்பாலும் இருக்காது, கடைக்காரரின் உத்தரவாதம் மட்டும்தான். ரசீதில் மாடல் எண்ணும் உத்தரவாதக் காலமும் எழுதப்பட வேண்டும். 2012 செப்டம்பர் 1 முதல் இங்கே குறைபாடுள்ள பொருள்களுக்கான சட்டம் நடப்பில் உள்ளது. 'லெமன் லா' என்பார்கள். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். பழுதுபார்த்தோ மாற்றியோ தரும்படி விற்றவரைக் கேட்கலாம். பழைய பொருளுக்கும் இது பொருந்தும், இயல்பான தேய்மானத்துக்குப் பொருந்தாது. பேச்சு முறிந்தால் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைக் கேட்கும் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றமும் இருக்கிறது.

வாங்கிய பிறகு சார்ஜை 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி இருந்தால், வீட்டில் இருக்கும் நாளில் அதைப் போட்டு வையுங்கள். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள்.

எது நல்ல கைத்தொலைபேசி என்ற கேள்விக்குக் கடைக்காரர் பத்துப் பதில் சொல்வார். என் பேட்டரி எத்தனை விழுக்காடு, அதை எது தின்கிறது, மாற்ற எவ்வளவு ஆகும் என்ற மூன்று கேள்விக்கும் பதில் உங்கள் கையில்தான் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு கடை ஏறுங்கள். மிச்சமாகும் பணத்துக்கு வீட்டில் நூறு வேலை காத்திருக்கும்.