காற்றுக்கு அசையாத மூன்று கால்கள்

ஆனி பிறந்ததும் கம்பம் பள்ளத்தாக்கில் காற்று எழும்பிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியில் நெருக்குண்டு, வேகம் கூடிப் பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. ஆடி முழுக்க வாழைக்கு முட்டுக்கொடுத்தே விவசாயிகளுக்குப் பொழுது போகும். தமிழ்நாட்டில் காற்றாலைக்கு உகந்த கணவாய்களில் பாலக்காடு, செங்கோட்டையோடு கம்பத்துக்கும் இடமுண்டு. ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் நிற்கும் காற்றாலைகளே அதற்குச் சாட்சி. மின்சாரத்துக்கு வரமாக வரும் இந்தக் காற்று, கேமரா டிரைபாடுக்குக் கடுமையான பரீட்சை.

பாரதிராஜாவின் அல்லிநகரமும் இளையராஜாவின் பண்ணைப்புரமும் இந்தப் பள்ளத்தாக்கு அமைந்த தேனி மாவட்டத்தில்தான் இருக்கின்றன. லெனின் பாரதி இயக்கி 2018-இல் வெளிவந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’க்கு ஒளிப்பதிவு செய்தவர் தேனி ஈஸ்வர். கேமரா மேல் ஆசை கொண்ட இளைஞர்கள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. அவர்களில் பலர் சேமிப்பையெல்லாம் கேமராவிலும் லென்ஸிலும் போட்டுவிட்டு, மிஞ்சிய ஆயிரம், இரண்டாயிரத்தில் ஒரு டிரைபாட் வாங்குகிறார்கள். மேகமலைக்குப் போய் எடுத்து வந்த படங்களைக் கணினியில் பெரிதாக்கினால் எல்லாமே மங்கல். லென்ஸைத்தான் குறை சொல்வார்கள். கோளாறு பெரும்பாலும் அதற்குக் கீழே, கால்களில் இருக்கிறது.

குறைந்த பணத்திலும் உறுதியான டிரைபாட் கிடைக்கும். அதற்கு உயரம், லேசான எடை, மடக்கினால் பைக்குள் அடங்கும் வசதி ஆகியவற்றில் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதைத் தெரிந்துகொள்ள, டிரைபாட் வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம்.

எவ்வளவு அசைந்தால் படம் கெடும்?

மேகமலையில் இருவாச்சிப் பறவையை 400 மி.மீ. லென்ஸால் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 10 செ.மீ. நீளமுள்ள கேமராவின் ஒரு முனை மட்டும் ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தால் போதும். சென்சாரில் விழும் பிம்பம் 0.004 மி.மீ. தள்ளிப்போகும். இன்றைய பல கேமராக்களில் ஒரு பிக்சலின் அகலமே அவ்வளவுதான். தலைமுடியின் தடிமனில் கிட்டத்தட்ட எழுபதில் ஒரு பங்கு அசைவு, படத்தில் ஒரு பிக்சல் மங்கலாகிவிடுகிறது. டிரைபாட் கேமராவைக் கீழே விழாமல் தாங்கினால் மட்டும் போதாது. இத்தனை நுண்ணிய நடுக்கத்தையும் சீக்கிரம் அடக்க வேண்டும்.

எல்லா ஷட்டர் வேகத்திலும் இந்த ஆபத்து ஒன்றுபோல் இருப்பதில்லை. விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் எடுத்தால் நடுக்கம் பதிவாக நேரமே இருக்காது. அரை நிமிடம் திறந்து நட்சத்திரம் எடுத்தால், தொடக்கத்தில் வரும் சிறு அதிர்வு மொத்த நேரத்தில் கரைந்துவிடும். 1/30 விநாடியிலிருந்து ஒரு விநாடி வரை உள்ள பகுதிதான் மோசம். சுருளி அருவியில் விழும் நீரைப் பால்போல் காட்ட விரும்பினால் கால் விநாடியிலிருந்து ஒரு விநாடி வரை தேவைப்படும். ஆபத்தின் நடுவிலேயே போய் நிற்கிறோம்.

குழாயின் பருமனில் இருக்கிறது வலு

மூன்று கால் எந்தக் கரடுமுரடான தரையிலும் ஆடாமல் உட்காரும். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்பதுதான் காரணம். நான்கு கால் நாற்காலி மண் தரையில் தள்ளாடுவதும், மூன்று கால் முக்காலி தள்ளாடாததும் இதனால்தான். ஆக, எல்லா டிரைபாடும் தரையில் ஒழுங்காகவே நிற்கிறது. வித்தியாசம் அதற்கு மேலே, காலின் விறைப்பில் தொடங்குகிறது.

ஒரே உலோகம், ஒரே சுவர்த் தடிமன் உள்ள இரண்டு குழாய்களில் விட்டம் பெரியது பல மடங்கு விறைப்பானது. விறைப்பு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 22 மி.மீ. குழாயைவிட 28 மி.மீ. குழாய் பார்வைக்குக் கொஞ்சம்தான் பருமன். வளையாமல் நிற்கும் வலுவோ இரண்டு மடங்கு. நீளம் இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது. காலின் நீளத்தை இரட்டித்தால், அதே விசைக்கு அது எட்டு மடங்கு வளையும்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வாங்கும் வழி தெளிவாகும். ஐந்து அடுக்காக மடங்கும் கால் பைக்குள் அழகாக அடங்கும். ஆனால் அதன் கடைசி அடுக்கு விரலை விட ஒல்லியாகிவிடும். ஒரே விலையில் ஐந்து அடுக்கும் மூன்று அடுக்கும் கிடைத்தால் மூன்று அடுக்கை எடுங்கள். பூட்டுகள் குறைவு, ஆட்டமும் குறைவு. கடையில் முதலில் பார்க்க வேண்டியது கீழே உள்ள கடைசிக் குழாய். அது 18, 20 மி.மீ. இருந்தால் நல்லது. பென்சில் அளவில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

உயரம் பற்றிய ஆசையையும் குறைத்துக்கொள்ளலாம். கம்பம் பன்னீர் திராட்சைக் குலைகளைப் படமெடுக்கப் பந்தலுக்கடியில் குனிந்துதான் போக வேண்டும். அருவிப் பாறையிலும் தேயிலைச் சரிவிலும் கேமரா இடுப்பளவில் இருந்தாலே காட்சி நன்றாக அமையும். கண்மட்டத்துக்குச் சற்றுக் குறைவான தடித்த கால், தலைக்கு மேல் எழும் ஒல்லிக் காலைவிட மேல்.

கார்பன் ஃபைபர் லேசானது, அதிர்வையும் சீக்கிரம் அடக்கும். பிரான்ஸில் தொடங்கப்பட்ட கிட்ஸோ நிறுவனம் 1994-இல் முதல் கார்பன் ஃபைபர் டிரைபாடைக் கொண்டுவந்தது. இன்றும் கார்பன் ஃபைபரின் விலை அலுமினியத்தைவிட வெகு அதிகம். பணம் அளவாக இருக்கும்போது மலிவான கார்பனுக்கு ஆசைப்படாமல், அதே பணத்தில் தடித்த அலுமினியம் வாங்குவதே நல்லது. கூடுதலாக அரைக் கிலோவைச் சுமக்க வேண்டியிருக்கும். காற்றடிக்கும் நாளில் அந்த எடையே உதவியாக நிற்கும்.

தோள், நடுத்தண்டு, தலை

மூன்று கால்களும் மேலே வந்து சேரும் இடத்தைத் தோள் என்று வைத்துக்கொள்ளலாம். மலிவு டிரைபாடில் இது பிளாஸ்டிக்கில் இருக்கும். கால்கள் அகன்றுவிடாமல் இருக்க நடுவே கம்பிகள் கட்டியிருப்பார்கள். அந்தக் கம்பிகள் இருந்தால் ஒவ்வொரு காலையும் தனித்தனிக் கோணத்தில் விரிக்க முடியாது. சரிவில் நிறுத்த அப்படி விரிப்பதுதான் தேவை. உலோகத் தோளும், ஒவ்வொரு காலுக்கும் தனிக் கோணப் பூட்டும் உள்ளதைத் தேடுங்கள்.

தோளின் நடுவே ஏறி இறங்கும் நடுத்தண்டைத் தூக்கினால் மூன்று கால் மேல் ஒற்றைக் கால் நட்டதாகிவிடும். காற்று வீசும் ஊரில் அதை இறக்கியே வைக்க வேண்டும். விளம்பரத்தில் போடும் உயரம் பெரும்பாலும் தண்டை முழுதாகத் தூக்கிய உயரம். தண்டு தூக்காத உயரம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

கேமராவை மாட்டும் தலையைத் தனியே கழற்ற முடியுமா என்று பாருங்கள். கேமராவின் அடியில் உள்ள திருகு கால் அங்குலம். காலையும் தலையையும் இணைப்பது வழக்கமாக மூன்றெட்டு, அதாவது 3/8 அங்குலத் திருகு. இந்த அளவுகள் உலகெங்கும் ஒன்றே. கழற்ற முடிந்தால் இன்று நல்ல கால்களை வாங்கிக்கொண்டு, பணம் சேர்ந்ததும் தலையை மாற்றலாம். மலிவான பந்துத் தலை, பூட்டிய பிறகும் கனமான லென்ஸின் எடையில் மெல்லத் தலைகுனியும். அதே விலையில் மூன்று கைப்பிடியுள்ள தலை நிதானமானது, நம்பகமானதும்கூட.

பெட்டியில் எழுதியிருக்கும் ‘8 கிலோ தாங்கும்’ என்ற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் அளந்து போடுகிறது. ஒடியாமல் தாங்குவது வேறு, நடுங்காமல் தாங்குவது வேறு. உங்கள் கேமராவும் லென்ஸும் சேர்ந்த எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு எண் உள்ளதை எடுங்கள்.

கடையிலேயே சோதிக்கலாம்

கால்களை முழுதும் நீட்டி, உள்ளங்கையால் மேலிருந்து அழுத்துங்கள். பூட்டு வழுக்கக் கூடாது. பிறகு தலையைப் பிடித்து இடமும் வலமுமாக முறுக்குங்கள். அங்கே தெரியும் ஆட்டம் மலைக்காற்றில் பல மடங்காகும். கேமராவை மாட்டி, திரையில் காட்சியைப் பத்து மடங்கு பெரிதாக்கி, காலை விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். பிம்பம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறதோ அவ்வளவு நல்ல டிரைபாட். இரண்டு மூன்றை அருகருகே வைத்து இப்படித் தட்டினால் விலைச்சீட்டு சொல்லாததை எல்லாம் திரை சொல்லிவிடும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. சாலையோரம் நில அளவைக்காரர்கள் நிறுத்தும் கனமான மூன்று கால் ஸ்டாண்டைப் பார்த்திருப்பீர்கள். இந்தியாவின் பெரும் முக்கோண நில அளவை 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகேதான் தொடங்கியது. அன்று முதல் இன்றுவரை அளவைக் கருவிக்கு ஆடாத கால் என்பது உயிர்நாடி. பழைய மர ஸ்டாண்ட் பயன்படுத்திய நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். மரம் அதிர்வை அருமையாக உள்வாங்கும். இரும்பு முனை மண்ணைப் பற்றும். அதன் திருகு ஐந்தெட்டு அங்குலம் என்பதால் ஒரு சிறு அடாப்டர் வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு குரங்கணியிலிருந்து மலை ஏற முடியாது. வண்டி போகும் இடத்துக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை.

நிறுத்தும் விதத்தில் பாதி உறுதி

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆகவே முதலில் கால்களை அகட்டித் தாழ்த்துங்கள். நீட்டியே ஆக வேண்டுமென்றால் மேலே உள்ள தடித்த அடுக்கை முதலில் நீட்டுங்கள். சரிவில் இரண்டு கால் பள்ளத்துப் பக்கம், ஒன்று மேட்டுப் பக்கம். பையை நடுவில் தொங்கவிடும்போது அது தரையைத் தொட்டிருக்கட்டும். தொடாவிட்டால் காற்றில் ஆடி டிரைபாடையும் ஆட்டும். கேமரா வாரைக் கழற்றிவிடுங்கள், காற்றில் அது படபடக்கும். ஷட்டரை விரலால் அழுத்தாமல் இரண்டு விநாடி டைமர் வையுங்கள். கண்ணாடி உள்ள பழைய எஸ்.எல்.ஆர். என்றால் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். முல்லைப் பெரியாற்றுப் பாலத்தில் நின்று எடுப்பவர்கள் லாரி கடந்து போன பிறகு எடுக்கட்டும். அங்கே தரையே நடுங்குகிறது. அருவியில் நனைந்த டிரைபாட் கால்களை வீட்டுக்கு வந்ததும் கழற்றி, மணலைக் கழுவிக் காயவையுங்கள். பூட்டைத் தின்பது மணல்தான்.

கணக்குப் போடும்போது டிரைபாடை மிச்சப் பணத்தில் வாங்கும் பொருளாக ஒதுக்க வேண்டாம். கேமராவின் உடல் சில ஆண்டுகளில் பழசாகிவிடும். நல்ல அலுமினியக் கால்கள் பல கேமராக்களைத் தாண்டி உழைக்கும். லென்ஸ் வாங்குவதை இரண்டு மாதம் தள்ளிப்போட்டாவது முதலில் கால்களை வாங்குங்கள். உங்களிடம் இருக்கும் சாதாரண லென்ஸே எவ்வளவு கூர்மையானது என்பது அதன் பிறகுதான் தெரியும்.