ராமானுஜனை வளர்த்தது வறுமையா?

பரீட்சைக்குப் படிக்கும் பையன், "அப்பா, வெளிச்சம் போதவில்லை. ஒரு மேஜை விளக்கு வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்கிறான். நாம் என்ன கொடுக்கிறோம்? ஒரு பிரசங்கம்!

"தெரு விளக்கில் படித்த முத்துசாமி ஐயர் ஹைகோர்ட் ஜட்ஜ் ஆனார். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்ட ராமானுஜன் உலக மேதை ஆனார். கஷ்டப்பட்டால்தானடா முன்னுக்கு வரலாம்!"

பையன் வாயை மூடிக்கொண்டு போய்விடுகிறான். நமக்கும் நாலு காசு மிச்சம். ஆனால் நேயர்களே, நாம் சாட்சிக்கு இழுத்த ராமானுஜன் உண்மையில் நம் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறாரா?

அவர் 1887-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். தகப்பனார் ஜவுளிக் கடைக் குமாஸ்தா. 1904-ல் கும்பகோணம் சர்க்கார் கலாசாலையில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லவில்லை. மற்றப் பாடங்களில் தவறவே, உபகாரச் சம்பளம் போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தும் எப்.ஏ. பரீட்சை கைகொடுக்கவில்லை. பட்டமும் இல்லை; உத்தியோகமும் இல்லை. சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மாத்திரம் நோட்டில் எழுதி வைத்தார்.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். இந்த இடத்தில் நாம் புத்தகத்தை மூடிவிடுகிறோம். அடுத்த பக்கத்தையும் சற்றுப் புரட்டுவோமா?

1910-ன் கடைசியில் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் நோட்டும் கையுமாகப் போய் நின்றார் ராமானுஜன். என்ன வேண்டும் என்று விசாரித்தார் கலெக்டர். பதவி கேட்டாரா? பட்டம் கேட்டாரா? உயிர் வாழக் கொஞ்சம் பணம் கிடைத்தால் ஆராய்ச்சியைத் தொடரலாம், அவ்வளவுதான் என்றார்! ராவ் தம் சொந்தப் பணத்திலிருந்து சில காலம் உதவினார். பிறர் தயவிலேயே காலம் தள்ள ராமானுஜனுக்கு மனமில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவானார். அங்கே மேலதிகாரி நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். இரவு நேரங்களில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டுடன் உட்கார்ந்துவிடுவார்கள்.

1913-ல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி துரைக்குக் கடிதம் எழுதினார். அவருக்கு எழுதிய இரண்டாவது கடிதத்தில் ஒரு விஷயம் வருகிறது. தாம் அரைப் பட்டினிக்காரர் என்றும், மூளையைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் தமக்குச் சாப்பாடு வேண்டும் என்றும் சொல்கிறார். பட்டினி கிடந்தால் மூளை கூர்மையாகும் என்று அந்த மேதைக்குத் தோன்றவில்லை. நமக்குத்தான் தோன்றுகிறது!

அதே வருஷம் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுத்தது. பாடம் நடத்த வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஓர் அறிக்கை கொடுத்தால் போதும். வயிற்றுக் கவலை தீர்ந்தது. 1914-ல் கப்பல் ஏறினார். 1918-ல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். ஒன்று கவனித்தீர்களா? கைகொடுப்பார் இல்லாத வரையில் சிலேட்டோடு நின்ற மனிதர், கைகொடுத்த சில வருஷங்களில் உலகம் அறிந்தவரானார்.

கஷ்டம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதற்கும் கணக்கு உண்டு. புதுப் புத்தகங்களும் சொல்லிக் கொடுப்பாரும் இல்லாததால், ஐரோப்பாவில் முன்பே கண்டுபிடித்த பலவற்றை அவர் தனியே உட்கார்ந்து மறுபடி கண்டுபிடித்தார். பொன்னான இளமைக் காலம் இப்படிக் கழிந்ததே என்று ஹார்டி பின்னால் வருந்தினார். 1920-ல், 32 வயதில், ராமானுஜன் மறைந்தார். அக்காலத்து டாக்டர்களில் பலர் க்ஷயரோகம் என்றார்கள். பழைய குறிப்புகளை ஆராய்ந்த ஒருவர் 1994-ல் வேறு முடிவுக்கு வந்தார். இந்தியாவில் இருந்தபோது வந்த சீதபேதி உள்ளேயே தங்கிக் கல்லீரலைத் தாக்கியிருக்கலாம் என்பது அவர் கருத்து.

"அப்படியானால் பாடுபடவே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். பாடுபடத்தான் வேண்டும். ஆனால் உழைப்பு வேறு, அவதி வேறு. கும்பகோணத்துத் திண்ணையில் எப்படி உழைத்தாரோ, அப்படியேதான் கேம்பிரிட்ஜிலும் உழைத்தார். உழைப்பு அவருடைய சொத்து. அவதி வெளியிலிருந்து வந்து சேர்ந்த சுமை. அதே சுமையைச் சுமந்து பெயர் தெரியாமல் போனவர்கள் எத்தனை பேரோ! அவர்களுக்குக் கதை எழுதுவார் இல்லை.

கடைசியாக, ராமானுஜனே ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறார். சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு வருஷம் 250 பவுன் கொடுக்க முன்வந்தது. 1919 ஜனவரியில் அவர் பதில் எழுதினார். அவ்வளவு தொகை தமக்குத் தேவைப்படாது. பெற்றோருக்கு வருஷம் 50 பவுன் கொடுத்து, தம் செலவும் போக மிஞ்சுவதை, ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகள் இவர்களுடைய பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிக்கூடங்களுக்குப் புத்தகம் வாங்கவும் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

'நான் பட்டேன், அவர்களும் படட்டும்' என்று அவர் எழுதவில்லை.