பழைய வண்டிகளில் பிரேக் விளக்குச் சுவிட்ச்: சோதிப்பது எப்படி?

நயினார்குளம் மார்க்கெட்டில் விடியுமுன் லோடு ஏற்றி அம்பாசமுத்திரம், முக்கூடல், ஸ்ரீவைகுண்டம் என்று சரக்கு அனுப்பும் நம்மில் பலரிடம் இன்றும் பழைய வண்டிகள் ஓடுகின்றன. 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடரை விடாமல் வைத்திருப்போரும் உண்டு. பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கிறோம். பிடிப்பது பின்னால் வருபவருக்குத் தெரிகிறதா என்று பார்ப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் சேரன்மகாதேவி சாலையில் எங்கள் கடை வண்டியின் பின்னால் ஒரு லாரி மோதி, எங்கள் லோடுமேனுக்குக் கால் முறிந்தது. டிரைவரைத்தான் முதலில் கடிந்துகொண்டேன். அவர் மேல் தவறில்லை. பிரேக் விளக்கு எரியவில்லை, சுவிட்ச் பழுது.

முதலில் பியூஸ், பல்பு, எர்த் மூன்றையும் பாருங்கள். பின்பல்பு பலவற்றில் இரண்டு இழைகள் உண்டு. இரவு விளக்கு எரிவதால் பிரேக் இழையும் நன்றாயிருப்பதாக எண்ணக்கூடாது.

அடுத்து சுவிட்ச். சில வண்டிகளில் அது பெடலின் மேலே இருக்கும். சிலவற்றில் பிரேக் ஆயில் குழாயில் திருகப்பட்டிருக்கும். வண்டியின் வோல்ட்டுக்கு (12 அல்லது 24) ஏற்ற டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை எர்த்தில் வைத்து, சாவியைப் போட்டு, சுவிட்சின் இரு வயர்களையும் தொடுங்கள். ஒன்றில் எப்போதும் எரிய வேண்டும். மற்றதில் பெடலை மிதித்தால் மட்டும் எரிய வேண்டும். இரண்டிலும் எரியாவிட்டால் கரண்ட் வரவில்லை. ஒன்றில் எரிந்து, மிதித்தும் மற்றதில் எரியாவிட்டால் சுவிட்சே பழுது. இரு வயர்களையும் ஒன்றோடொன்று சேர்த்ததும் பின்விளக்கு எரிந்தால் அது உறுதி. வயர் பாடியில் படக்கூடாது, பியூஸ் போய்விடும்.

கழற்றி மல்டிமீட்டரில் சோதிக்கும்போது ஒரு விஷயம். பெடல் சுவிட்ச் பொதுவாகக் கையில் இருக்கும்போது இணைப்புக் காட்டும்; முனையை அழுத்தினால் துண்டிக்கும். அது பழுதல்ல. ஆயில் சுவிட்ச் இதற்கு நேர்மாறு. அழுத்தம் வந்தால்தான் இணையும். பெடலை விட்டும் விளக்கு அணையாவிட்டால், பெடல் முழுதாகத் திரும்புகிறதா என்று பார்த்து சுவிட்சைச் சரியான இடத்தில் வையுங்கள்.

ஆயில் சுவிட்சின் வயர் முனையில் ஈரம் கசிந்தால் வண்டியை எடுக்காதீர்கள். ஒரே லைனில் நான்கு சக்கரமும் இயங்கும் பழைய வண்டியில் அந்தக் கசிவு பிரேக் முழுவதையும் பறித்துவிடும். மெக்கானிக்கை வைத்து மாற்றி, லைனில் புகுந்த காற்றையும் எடுக்கச் சொல்லுங்கள்.

ஏர் பிரேக் லாரியில் டாங்கியில் காற்று நிறைந்த பின்தான் பிரேக் விளக்கைச் சோதிக்க வேண்டும். காற்றுக் குறைவை எச்சரிக்கும் சுவிட்ச் வேறு. சமதரையில் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்தி, சாவியைப் போட்டுப் பெடலைத் திரும்பத் திரும்ப மிதியுங்கள். காற்று இறங்கியதும் பஸ்ஸரோ எச்சரிக்கை விளக்கோ வர வேண்டும். வராவிட்டால் சரிசெய்யாமல் லோடு ஏற்ற வேண்டாம்.

எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எப்.சி. எடுக்கிறோம். அந்த ஒரு நாள் மட்டும் விளக்கு எரிந்தால் போதாது. தினமும் வண்டி புறப்படுமுன் டிரைவர் பெடலை மிதிக்க, ஒருவர் பின்னால் நின்று பார்க்கட்டும். அரை நிமிட வேலை. எங்கள் கடையில் அன்றுமுதல் அதைப் பார்த்த பிறகே வண்டி கிளம்புகிறது. உறுப்பினர்கள் அனைவரும் இதை வழக்கமாக்கிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.